ஊர் பார்க்கப் போகிறவர்கள் வழக்கையும் விசாரியுங்கள்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ரயிலில் இடம் கிடைக்குமா, நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசிவிடலாமா என்று பல வீடுகளில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும் என்பதையெல்லாம் இந்தப் பயணச் சிறப்பிதழில் ஆசிரியர் குழுவினர் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். என் பக்கத்துக்கு நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். நாம் பார்க்கப் போகும் இடங்களுக்குப் பின்னால் கிடக்கும் வழக்குக் கட்டுகள்.

எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. கட்டிய அரசன் யார், எந்த நூற்றாண்டு, கோபுரம் எத்தனை அடி என்று அது சொல்லும். கட்டி முடித்த பிறகு அந்த இடம் யாருக்குச் சொந்தமாயிற்று, யார் உள்ளே வரலாம் என்றார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள், அதை எதிர்த்து யார் படியேறினார்கள் என்பதைப் பலகை சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. நம் கண்முன் நிற்கும் பல இடங்கள் இன்று இருக்கிறபடி இருப்பதற்கு, கட்டிய அரசனைப் போலவே ஏதோ ஒரு மனுதாரரும் காரணம்.

தஞ்சாவூரிலிருந்து தொடங்குகிறேன். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் அரண்மனைக்குப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம். தர்பார் மண்டபம், கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகள், சரசுவதி மகால் நூலகம் என்று இரண்டு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அந்த அரண்மனையின் பெண்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேல் வழக்குப் போட்டவர்கள் என்பது அங்கே வந்துபோகிற பலருக்கும் தெரியாது.

1855 அக்டோபரில் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்று காரணம் காட்டிக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் அன்று நடந்த பல இணைப்புகளில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். மறு ஆண்டு அக்டோபரில் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரி படைவீரர்களுடன் அரண்மனைக்குள் நுழைந்து, மன்னரின் சொந்தச் சொத்துகளையும் கைப்பற்றி முத்திரை வைத்தார். கணவரை இழந்த ராணிகள் உள்ளே இருக்கும்போதே இது நடந்தது.

மூத்த ராணி காமாட்சி பாய் சாகேபா வழக்குத் தொடுத்தார். அப்போது உயர் நீதிமன்றம் பிறக்கவில்லை. சென்னையில் இருந்ததற்கு சுப்ரீம் கோர்ட் என்று பெயர். ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் ராணிகளின் பக்கம் நின்றார். அரசு போனால் போகட்டும், என் கணவரின் சொந்த உடைமையை எந்தச் சட்டப்படி எடுத்தீர்கள் என்பதுதான் ராணியின் கேள்வி. சென்னையில் அவர் வென்றார். கம்பெனித் தரப்பு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859இல் அங்கே தீர்ப்பு தலைகீழானது. ஓர் அரசு தன் இறையாண்மையைக் கொண்டு செய்த செயல் இது. அது நியாயமா அநியாயமா என்று பார்க்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நியாயம் கம்பெனி பக்கம் இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைப் பேசவே தங்களுக்கு இடமில்லை என்றார்கள். 'அரசுச் செயல்' என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்தும் அந்த நெறிக்குத் தஞ்சாவூர் வழக்கு ஒரு முதன்மைச் சான்று. விடுதலைக்குப் பிறகு சமஸ்தானங்கள் இணைந்தபோது எழுந்த வழக்குகளிலும் அது எடுத்துப் பேசப்பட்டது.

1862இல் அரசாங்கம் சொந்தச் சொத்துகளை ராணிகளிடமே திருப்பித் தந்தது. நீதிமன்றத்தில் கிடைக்காதது தயவாகக் கிடைத்தது. உரிமைக்கும் தயவுக்கும் உள்ள தூரம் காமாட்சி பாய்க்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிறகு அந்தச் சொத்தைப் பங்கிடுவதில் குடும்பத்துக்குள்ளேயே வழக்குகள் நடந்தன; அவற்றுக்குள் நான் போகவில்லை. 1918இல் சரசுவதி மகால் நூலகம் பொதுமக்களுக்கு என்று ஒப்படைக்கப்பட்டபோது, அதை முன்வந்து கொடுத்தவர்கள் அந்த அரச குடும்பத்தின் வழிவந்தவர்களே. பெரிய கோயில் உட்பட எண்பத்தெட்டுக் கோயில்கள் அரண்மனை தேவஸ்தானம் என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. நூலகத்தின் கண்ணாடிப் பேழைகளுக்கு முன்னால் நிற்கும்போது பிள்ளைகளிடம் இந்த ராணியின் பெயரைச் சொல்லுங்கள். அவர் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போனால் திருவாரூர். கமலாலயமும் ஆழித்தேரும் எல்லோரும் பார்ப்பது. கோயிலை ஒட்டி ஒரு கல்தேர் இருக்கிறது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைச் செதுக்கியது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அதே சோழனுக்குச் சிலை இருக்கிறது. ஆனால் திருவாரூரில் என் மனம் போவது அந்தக் கல்தேரிடம் இல்லை. அதே மாவட்டத்துச் சிற்றூரான பத்தூரிடம்.

பத்தூரில் விசுவநாத சுவாமி கோயில் என்று ஒரு சோழர் காலக் கோயில் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். பூசை நின்று, கட்டடம் சிதைந்து, செடி மண்டிக் கிடந்தது. 1976இல், கோயிலுக்கு அருகே குடிசை போட்டிருந்த ஒரு கூலித் தொழிலாளி மண்ணை வெட்டியபோது மண்வெட்டி உலோகத்தில் பட்டது. எந்தக் காலத்து ஆபத்துக்கு அஞ்சியோ முன்னோர் புதைத்துவைத்த திருமேனிகள். அவற்றில் ஒரு நடராசர். அது கை மாறியது, விலை ஏறியது, கடல் தாண்டியது. 1982இல் லண்டனில், போலியான பூர்வீகச் சான்றோடு, கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் அதை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பழுது பார்க்கவும் மதிப்பிடவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தாரிடம் கொடுத்திருந்தபோது லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. தாங்கள் நேர்மையாக வாங்கிய பொருள், திருப்பிக் கொடுங்கள் என்று அந்த நிறுவனம் காவல்துறை ஆணையர் மேல் வழக்குத் தொடுத்தது.

இங்கேதான் நான் படித்த வழக்குகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி வருகிறது. சிலை எங்களுடையது என்று எதிர்த்து வந்தவர்கள் யார் யார்? இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயில் சார்பில் நியமிக்கப்பட்ட அதிகாரி. அவர்களோடு பத்தூர்க் கோயிலும் ஒரு தரப்பு. அந்தக் கோயிலின் சிவலிங்கமும் ஒரு தரப்பு. இடிந்த கோயிலும் கல் லிங்கமும் லண்டன் நீதிமன்றத்தில் உரிமை கேட்டன.

நமக்கு இதில் புதுமை இல்லை. சாமி பேரில் நிலம், சாமி பேரில் பட்டா என்பதை ஊரில் எல்லோரும் அறிவோம். சட்டத்தின் கண்ணில் தெய்வம் சொத்துரிமை உள்ள ஒரு நபர். தானே நடத்திக்கொள்ள முடியாததால் மைனரைப் போலக் கருதி அதற்காக வேறொருவர் செயல்பட வேண்டும். கல்கத்தாவின் முல்லிக் குடும்பத்துச் சிலை வழக்கில் 1925இலேயே பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொல்லி, அந்தத் தெய்வத்தின் விருப்பத்தை எடுத்துரைக்கத் தனியாக ஒருவர் வேண்டும் என்றும் கூறியது. ஆனால் அது இந்தியாவிலிருந்து போன மேல்முறையீடு. இங்கிலாந்தின் சொந்தச் சட்டத்தில் கோயில் ஒரு நபராக வழக்காட வழி கிடையாது. பூசையே நின்றுபோன, கூரையில்லாத கோயிலுக்கு உரிமை எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருந்தது.

நீதிபதி இயன் கென்னடி முன் விசாரணை நடந்தது. இந்தச் சிலைதான் பத்தூர் மண்ணிலிருந்து எடுத்தது என்று முதலில் காட்ட வேண்டும். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் உலோகக் கலவையையும் வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு முகத்தையும் அணிகளையும் ஒப்பிட்டார்கள். நம் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் சென்று சாட்சி சொன்னார். 1988இல் தீர்ப்பு கோயிலின் பக்கம் வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொந்த நாட்டுச் சட்டப்படி ஒரு கோயில் வழக்காடக் கூடிய நபர் என்றால், எங்கள் சட்டத்தில் அப்படி இல்லை என்பதற்காக நாங்கள் கதவை மூட மாட்டோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. கோயில் சிதைந்ததால் அதைக் கட்டியவரின் எண்ணம் சிதைந்துவிடவில்லை என்ற கருத்தும் நின்றது. கட்டியவர் யார் என்றுகூட நமக்குத் தெரியாது. எண்ணூறு ஆண்டுக்கு முன் அவர் மனத்தில் இருந்த ஒன்று தேம்ஸ் நதிக்கரையில் செல்லுபடியானதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதே ஆண்டில் நடராசர் தமிழகம் திரும்பினார். ஆனால் தம் கோயிலுக்குத் திரும்பவில்லை. பாதுகாப்பு கருதித் திருவாரூரில் உள்ள திருமேனிகள் காப்பகத்தில் பல்லாண்டுகளாகப் பூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். திருட்டுப் பயம் உண்மையானது, மறுக்கவில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியா வரை போய் 2014இல் திரும்பி வந்ததைப் பார்த்தோம். இருந்தாலும் லண்டன் வரை போய் வழக்கை வென்ற மூர்த்தியை அந்த ஊர் மக்கள் தங்கள் கோயிலில் கும்பிட முடியவில்லை என்பது சரியில்லை. தக்க காவலோடு ஒரு சந்நிதி அமைப்பது அரசால் முடியாத காரியம் இல்லை. திருவாரூர் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பத்தூருக்கும் போய்வாருங்கள். பெரிதாகப் பார்க்க ஒன்றும் இருக்காது. வழக்காடிய லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

மதுரைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு தேதிகள் சொல்ல வேண்டும்.

முதலாவது 1897. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தவர் சிலர் சென்று வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான சேதுபதி மன்னர் தரப்பில் வழக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் உள்ளே வந்ததில்லை, ஆகவே இனியும் வரக் கூடாது என்ற வாதம் கீழ் நீதிமன்றத்தில் வென்றது, சென்னையில் வென்றது, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் வென்றது. படித்தவர்கள், பெரும் வணிகர்கள், தங்கள் கைப்பணத்தைச் செலவிட்டுக் கடைசிப் படி வரை போனவர்கள். கதவு திறக்கவில்லை. வழக்கம் என்ற ஒன்றைக் காட்டினால் போதும், அது நியாயமா என்று கேட்க வேண்டியதில்லை என்றிருந்தது அன்றைய சட்டம். அந்தத் தீர்ப்பு மேலும் முப்பது ஆண்டுகளுக்குக் கோயில் வாசல்களில் தடுப்பாக நின்றது.

இரண்டாவது 1939 ஜூலை 8. மதுரை வைத்தியநாத ஐயர், பி. கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஐவரையும் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். கமுதி வழக்கின் நிழல் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று பாருங்கள். அன்று காலை அவர்களைக் காக்கும் சட்டம் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அதிகாரி மேலும் ஐயர் மேலும் வழக்குப் போடலாம். அவர்கள் உள்ளே போன பிறகுதான் இராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதைக் கோயில் நுழைவு அனுமதி மற்றும் இழப்புக்காப்புச் சட்டமாக்கியது. இழப்புக்காப்பு என்றால், உள்ளே போனவர்கள் மேலும் விட்டவர்கள் மேலும் வழக்குத் தொடுக்க முடியாதபடி காப்பு. சட்டம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் நடந்துவிட்டார்கள், சட்டம் பின்னால் ஓடி வந்தது. எதிர்த்த பட்டர்கள் சிலர் பூசைக்கு வர மறுத்ததும், வழக்குகள் மேலும் சில ஆண்டுகள் நீண்டதும் உண்டு. 1947இல் மாகாணம் முழுமைக்கும் நுழைவுச் சட்டம் வந்தது. கக்கன் பின்னாளில் அமைச்சரானார்.

மீனாட்சி கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறோமே, அங்கே முன்னும் பின்னும் நிற்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வரிசை 1939இலிருந்து நிற்கிறது.

மதுரையிலிருந்து தேக்கடிக்குப் படகுச் சவாரி போகிறவர்களுக்கு ஒரு சிறு செய்தி. நீரில் மொட்டை மரங்கள் நிற்கும் அந்த ஏரி ஒரு குத்தகைப் பத்திரத்தின் குழந்தை. திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் 1886 அக்டோபர் 29 அன்று எழுதியது. 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். பொறியாளர் பென்னிகுயிக் 1895இல் அந்த ஏரியின் அணையைக் கட்டி முடித்தார். பாசனத்துக்கு என்று வாங்கிய நீரில் மின்சாரம் எடுக்கலாமா என்று ஒரு தகராறு எழுந்தது. 1941இல் நடுவர் கூடாது என்றார். 1970இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாகி, மின்சாரத்துக்கும் ஒப்பந்தம் ஆனது. அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வயல்களின் நெல் அந்தப் பத்திரத்தை நம்பி இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உறவினர் உள்ளவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். இதை மனக்கசப்பு இல்லாமல் பேசுவோம்.

சென்னைக்கு வருகிறவர்கள் கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போகாமல் இருக்க மாட்டீர்கள். அங்கே ஒரு கல்செக்கு இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். கொஞ்சம் கூப்பிட்டு நிறுத்துங்கள். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு அது. 1908இல் திருநெல்வேலியில் பின்ஹே என்ற நீதிபதி அவருக்கு வாழ்நாள் நாடுகடத்தல் விதித்தார். குற்றம், ராஜத்துரோகம், இந்திய தண்டனைச் சட்டம் 124 அ. சுதேசிக் கப்பல் ஓட்டிய வழக்கறிஞர், தம் தொழிலின் சட்டத்தாலேயே சிறைக்குப் போனார். உயர் நீதிமன்றம் தண்டனையை ஆறு ஆண்டாகக் குறைத்தது. 1912 இறுதியில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வழக்கறிஞர் சன்னதும் இல்லை. அரிசியும் நெய்யும் விற்றுக்கூடப் பார்த்தார். பிறகு வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஒரு வெள்ளைக்கார நீதிபதி விதித்த தண்டனையையும் இன்னொருவர் செய்த உதவியையும் ஒரே மனத்தில் அவரால் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. அவரைச் சிறைக்கு அனுப்பிய 124 அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022இல்தான் நிறுத்திவைத்தது.

உயர் நீதிமன்றத்துச் செங்கல் கட்டடத்தையே பலர் வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 1892இல் திறந்தது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்த 1977 வரை அப்படித்தான். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு வீசியதை நினைவூட்டும் கல்வெட்டும் சுற்றுச்சுவரில் உண்டு. காவலரிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். அது வேலை நடக்கும் இடம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் எழுதியவை பெரிய நீதிமன்றங்கள் வரை போனவை. சிறிய ஊர்களில் இதைவிட நிறைய இருக்கும். உங்கள் ஊர்த் தேர் எந்தத் தெரு வரை போகலாம் என்று ஒரு முன்சீப் எழுதியிருப்பார். குளத்தில் யார் தண்ணீர் எடுக்கலாம், சந்தைத் திடல் ஜமீனுக்கா ஊருக்கா, ஆற்று வாய்க்காலில் முதல் மடை யாருக்கு என்று பிராது நடந்திருக்கும். ஊரில் மூத்த வழக்கறிஞர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். பத்திர எழுத்தர்களிடம் கேளுங்கள். அவர்கள் நினைவில் இருப்பது எந்த நூலிலும் இருக்காது. சென்னை வருகிறவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

கிடைத்ததை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வழக்கு எண் தெரிந்தால் நல்லது. எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்பது கட்டாயம் வேண்டும், சரிபார்க்காமல் நாங்கள் அச்சிடுவதில்லை. வீட்டுப் பரணில் பழைய தீர்ப்பு நகல் இருந்தால் மூலத்தை அஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள், செல்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். இன்றும் உயிரோடு இருக்கும் தனியாட்களின் குடும்பத் தகராறுகள் வேண்டாம். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதினால் அவற்றுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்